இரைப்பை எண் அறுபத்தொன்று

சந்தியாகுவின் போட்டு தெற்குவாடிக்கு வந்து சேர
விடிகாலை மூன்றரை ஆகும்.
இறால் ஒரு பக்கம் போகும், கணவாய் ஒரு பக்கம்.
எனக்கானது கடைசியில் வரும்,
கழிசலோடு கழிசலாக,
யூரியா சாக்கில்.

நூற்றைம்பது பாகத்துக்குக் கீழே கிடக்கிற திருக்கை.
கரைத் திருக்கைபோல் வாலில் விஷமுள் கிடையாது.
முதுகில் மட்டும்
தையல் விட்டுப்போன மாதிரி ஒரு வரிசைச் சிறுமுள்.
குழம்புக்கு ஆகாது, புட்டுக்கும் ஆகாது.
"இதப் போயி காசு குடுத்து வாங்குறியே தாயி"
கழிசல் பிரிக்கும் ஜெசிந்தாள் சிரிக்கிறாள்.

மண்டபத்தில் வாடகை அறை.
ஒரு சிங்க், ஒரு தராசு,
தலைக்குக் குளித்தாலும் போகாத ஃபார்மலின்.

கண்ணைப் பார்ப்பேன் முதலில். அது மேலே.
வாயைப் பார்க்கத் திருப்பிப் போடவேண்டும்.
தான் தின்றதில் ஒன்றைக்கூட
இது பார்த்துத் தின்றதில்லை.
மூக்கு நுனி முழுக்க ஊசித் துளைகள்.
சேற்றுக்குள் ஒளிந்த இறாலின் நெஞ்சு அடித்துக்கொண்டால்
அந்த அடிப்பு
இருட்டைத் தாண்டி இதன் தோலில் வந்து தட்டுமாம்.
பிறகு அதன்மேல் போய்ப் படுத்துக்கொள்வது.
அவ்வளவுதான் வேட்டை,
சட்டியை மூடுவதுபோல.

குட்டிகளின் வயிற்றில் செவ்விறாலின் கால், கண்காம்பு.
முழங்கை நீளம் தாண்டியவற்றில் நண்டுக் கொடுக்கு,
கணவாயின் அலகு,
கிளிமூக்கு மாதிரி கறுப்பாய்,
எந்த அமிலத்துக்கும் மசியாமல்.
அப்புறம் மீன்.
மீன் என்றால் மீன் இல்லை, மீனின் காதுக்கல்,
குருணை அளவு.
விளக்கில் காட்டினால் உள்ளே வயது வளையம் வளையமாக.
ஒருமுறை நீல நைலான் இழை, விரல் நீளம்.
அதற்கும் ஒரு வரி எழுதினேன்: இதர.

ஆணுக்கு ஊசிப்பல். பெண்ணுக்குப் பரல் பதித்ததுபோல் தட்டை.
இரண்டும் தின்பது ஒன்றுதான் என்கிறது என் கணக்கு.
"அந்தக் கூர் சாப்பாட்டுக்கு இல்லம்மா,
கூடும்போது பெட்டையைக் கடித்துப் பிடிக்க"
என்று வழிகாட்டி ஜூமில் சொன்னபோது
கேமராவை அணைத்துவிட்டுச் சிரித்தேன்.

மதிய டப்பாவில் அவித்த முட்டை.
சாக்கில் மிச்சமானதெல்லாம் காய்ந்து
நாமக்கல்லுக்குக் கோழித் தீவனமாகப் போகிறது
என்று ஜெசிந்தாள் சொன்ன நாளில்
முட்டையை மெதுவாகத்தான் மென்றேன்.
மென்றேன்.

வயிறுகளில் நூற்றுக்கு முப்பது வெறுமை.
வெறுமை என்றால்
உள்தோல் மடிப்பு மடிப்பாக, பிழிந்து போட்ட துணி.
படிவத்தில் 0.

அறுபத்தொன்று பெரியது. பெட்டை.
ஐஸ் காசு வாங்க வந்த சந்தியாகு
கதவில் சாய்ந்து பார்த்துக்கொண்டிருந்தார்.
கத்தரித்தேன், விரித்தேன், 0 போட்டேன்.
"பட்டினியாக் கெடந்துச்சா,
இல்ல மடி ஏறும்போது கக்கிருச்சா?"

படிவத்தில் அதற்குக் கட்டம் இல்லை.
அவ்வளவு ஆழத்திலிருந்து அரைமணி நேரம் இழுபட்டால்
எந்த வயிறும் கையில் இருப்பதைக் கொட்டிவிடும்.
பசியின் பூஜ்யமும் பயத்தின் பூஜ்யமும்
ஒரே வட்டமாகத்தான் இருக்கின்றன.

அவர் நோட்டை எண்ணிக்கொண்டு போனபின்
தலையைத் திருப்பி வாயைப் பிளந்தேன்.
பல்வரிசையின் கடைசியில், செவுளோரம்,
சிவப்பாய் ஒற்றை இறால் மீசை.

0வை அழித்தேன்.
அழித்த இடத்தில் தாள் லேசாய் நைந்தது.

இதற்கு முன் போட்ட பூஜ்யங்கள் பதினெட்டு.
அவற்றின் தலைகளை எல்லாம்
ஜெசிந்தாளின் சாக்கிலேயே
திருப்பிப் போட்டிருந்தேன்.